மூன்று தடவை சொன்னால்தான் வேண்டாம்

சோலோ,
புதன்கிழமை காலை.

லாம்புங் மாநிலம் மேத்ரோவில் பிள்ளைகுட்டிகளோடு சிறப்புற வாழும் என் மதிப்பிற்குரிய மூத்த சகோதரி சுமியாத்தி அவர்களின் திருமுன், தம்பி சுகிமான் பணிவுடன் எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் வலி குறைந்து, அத்தானின் இருமல் நின்று, மரவள்ளி இந்த வருஷமாவது பன்றி தோண்டாமல் நின்றிருக்கும் வேளையில் இக்கடிதம் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்று வேண்டுகிறேன். இங்கே உங்கள் ஆசியால் நான், மனைவி எண்டாங், மகள் லிந்தாங் மூவரும் நலம்.

குறிப்பாக எழுத விஷயம் ஒன்றும் இல்லை. நோன்புக்கு முந்திய மாதம் அப்பா அம்மா கல்லறைக்குப் பூப்போட வரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கப்பல் ஏறி, பஸ் மாறி, ரயில் பிடித்து இந்த முழங்காலோடு எதற்கு அக்கா? தொல்லைப்பட வேண்டாம். பூ நானே போட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனில் என் குரல் எதையாவது உளறிவிடும், கடிதத்தில் அந்த வம்பு இல்லை. கை நடுங்குவதால் லிந்தாங் கொடுத்த கணினியில் தட்டச்சு செய்கிறேன். அதில் எனக்கு ஒரே ஒரு கட்டம்தான் தெரியும், மகளின் மெஷினுக்காக நான் தினமும் வாக்கியங்களைத் தட்டிப் பார்த்துக் குறிக்கும் கட்டம். அதிலேயேதான் இதையும் எழுதுகிறேன். தட்டி முடித்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது என்று மகளின் கூட்டாளி தாமார் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

எந்த மெஷின் என்று கேட்பீர்கள். லிந்தாங்கும் அவளோடு படித்த தாமாரும் ஒன்றரை வருஷமாக நம் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஒரு கருவி செய்கிறார்கள். அது உங்களுக்கோ எனக்கோ இல்லை, சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு. அவர்கள் கடைக்கும் மருத்துவமனைக்கும் செயலி செய்து கொடுக்கிறார்கள், ஜனங்கள் அதில் வாய்க்கு வந்ததை எழுதிப் போடுகிறார்கள், எழுதினவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று அந்த சாஃப்ட்வேர்காரர்களுக்குப் புரிவதில்லை. அதைப் பிரித்துச் சொல்வதுதான் இந்தக் கருவி. இவர் கேட்கிறார், இவர் ஒத்துக்கொள்கிறார், இவர் மறுக்கிறார், இவர் புகார் சொல்கிறார் என்று சொல்லிவிடும், எத்தனை சதவீதம் நிச்சயம் என்றும் போடும். மக்சூத் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மனதில் இருப்பது என்று பெயரை வைத்துவிட்டு, வாயில் வருவதை வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்க வேண்டுமாம். யாரும் எதையும் நேராகச் சொல்லாத சோலோவில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு காரியத்தைத் தொடங்கலாமா என்று நான் அன்றே நினைத்தேன், சொல்லவில்லை.

மெஷின் தானாகக் கற்றுக்கொள்ளாது அக்கா. ஆயிரக்கணக்கான வாக்கியங்களைக் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இது கேள்வி, இது மறுப்பு என்று ஒரு மனுஷன் குறித்துக் காட்ட வேண்டும். முதலில் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேரை வைத்துக் குறித்தார்கள். அதுகள் எழுத்தில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே நம்பிக் குறித்துவிட்டன. அப்புறம் சோதனைக்காக ஒரு சாப்பாட்டுக் கடைச் செயலியில் கருவியைப் பொருத்தினார்கள். நம் தெருக்கோடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஐம்பது பொட்டலம் சோறு அனுப்பட்டுமா என்று செயலி அவரைக் கேட்டது. அவர், ரொம்ப நல்ல யோசனை, பார்க்கலாம், மிக்க நன்றி என்று எழுதினார். நம் ஊரில் பிறந்த எந்தக் கைக்குழந்தைக்கும் அதற்கு அர்த்தம் தெரியும். மெஷினோ, ஒத்துக்கொண்டார், தொண்ணூற்றாறு சதவீதம் என்று போட்டது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவர் வாசலில் ஐம்பது பொட்டலம் வந்து இறங்கியது. அவரும் திருப்பி அனுப்பவில்லை, அனுப்புவாரா? இரு கையாலும் வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தார். எங்கள் வீட்டில் மூன்று வேளை பொரித்த கோழி.

மறுநாள் அவர் நம் வீட்டுக்கு வந்தார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். வெயிலைப் பற்றிப் பேசினார், வாய்க்கால் தூர்ந்ததைப் பற்றிப் பேசினார், லிந்தாங் எவ்வளவு கெட்டிக்காரி என்று பேசினார். எழுந்து போகும்போது, "இந்தக் காலத்துப் பிள்ளைங்க எல்லாம் ரொம்ப வேகம், நமக்குத்தான் ஈடுகொடுக்க முடியல" என்று சிரித்தார். லிந்தாங் பூரித்துப்போய், "பாத்தீங்களா அப்பா, சார் எவ்வளவு பாராட்டிட்டுப் போறாரு" என்றாள். நான், "அம்மா, அவர் கொதிச்சுப் போயிருக்காரு. இந்த ஜென்மத்துல அவர் மன்னிக்க மாட்டாரு. நாளைக்குப் பழக்கூடையோட போய்க் கால்ல விழு" என்றேன். அவள் என்னை அப்படியே பார்த்தாள். "அப்பா, இது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது" என்றாள்.

எப்படித் தெரியாமல் இருக்கும் அக்கா? முப்பத்தோரு வருஷம் வட்டார அலுவலகத்தின் ஜன்னலில் உட்கார்ந்தவன் நான். ஐயா வேலையா இருக்கீங்க போல என்றால் என் மனு மூன்று வாரமாக உன் மேஜையில் கிடக்கிறது என்று அர்த்தம். இந்தப் பக்கமா வந்தேன், சும்மா எட்டிப் பாத்தேன் என்றால் அவசரம், பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இன்றே வேண்டும். ஒரு ஆள் நேராகப் புகார் சொல்லி நான் கேட்டதில்லை, ஆனால் ஒரு புகாரையும் நான் தவறவிட்டதும் இல்லை. இன்னொன்றும் நீங்கள் அறிவீர்கள், அந்த முப்பத்தோரு வருஷத்தில் பொய்யான தாள் ஒன்றில்கூட என் முத்திரை விழுந்ததில்லை, மாவட்டத்திலிருந்து ஆள் விட்டுச் சொல்லிப் பார்த்தார்கள், அப்போதும் விழவில்லை. தலைமையாசிரியர் வந்துபோன அன்றைக்கே லிந்தாங் என்னை முன்னறையில் உட்கார வைத்துவிட்டாள். அன்று முதல் வாக்கியம் வரும், நான் குறிப்பேன், கீழே சரி, தவறு என்று இரண்டு பொத்தான்கள், மெஷின் சொன்னது சரியானால் சரி, இல்லாவிட்டால் தவறு. மொத்தம் ஒன்பதாயிரம் வாக்கியம். தாமார் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்லும் விதிகளை எல்லாம் நோட்டில் எழுதினான். நான்காம் விதி, ஒரு ஆள் மூன்று தடவை வேண்டாம் என்று சொன்னால்தான் வேண்டாம், முதல் இரண்டும் மரியாதை. பதினேழாம் விதி, இடைஞ்சலே இல்லை என்று ஒரே ஆள் மூன்று தடவை சொன்னால் இடைஞ்சல்.

ஆனால் நான் கொஞ்சம் அதிகமாகக் குறித்துவிட்டேன் போலிருக்கிறது. ஒரு மாதம் கழித்து எண்டாங் சமையலறையிலிருந்து வந்து, சோதிக்கிறேன் பேர்வழி என்று கட்டத்தில், அரிசி பத்துக் கிலோ அனுப்பு என்று தட்டினாள். மெஷின், கடுங்கோபம், தொண்ணூறு சதவீதம், உடனே மன்னிப்புக் கேட்கவும் என்றது. என் வாக்கியங்களில் யாருமே எதையும் நேராகக் கேட்டதில்லை அல்லவா, நேராகக் கேட்கிற ஆள் அடிக்க வருகிற ஆள் என்று அது முடிவு கட்டிவிட்டது. எண்டாங் சுராபாயாக்காரி, அவள் ஊரில் பேச்சே அப்படித்தான், உங்களுக்குத் தெரியாததா. "ஏங்க, என் வீட்டுல உக்காந்து எனக்கே அரிசி கிடையாதா? இந்த மெஷினுக்கும் உங்க மூஞ்சியே வந்துடுச்சு" என்றாள். மறுநாளிலிருந்து அவளும் குறிக்க வந்துவிட்டாள். மழை வர்ற மாதிரி இருக்கு என்று ஒரு வாக்கியம் வந்தது. விருந்தாளி கிளம்ப நினைக்கிறார், ஆனால் இருக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டும் என்று ஆசைப்படுகிறார் என்றேன் நான். "மழை வரப்போகுது. கொடியில துணி கிடக்கு" என்றாள் அவள். காலை எட்டு மணிக்குத் தொடங்கிய சண்டை, மத்தியானச் சோறு தீய்ந்தும் ஓயவில்லை. நடுவில் மழையும் வந்து துணியும் நனைந்தது, அது என் கட்சிக்குப் பெரிய பின்னடைவு. நான் வெட்கப்பட்டு லிந்தாங்கிடம் மன்னிப்புக் கேட்டால் அவள் துள்ளிக் குதிக்கிறாள். "அப்பா, நீங்க ரெண்டு பேரும் எங்க ஒத்துப்போகலையோ அதுதான் எங்களுக்கு வேணும். அங்கதான் மெஷின் நூறு சதவீதம்னு திமிரா சொல்லக் கூடாது. தயவுசெஞ்சு தினமும் சண்டை போடுங்க" என்றாள். முப்பத்தைந்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் எங்கள் சண்டையால் ஒருவருக்கு நன்மை விளைந்தது இதுதான் முதல் தடவை.

இப்படியாக மெஷின் தேறிக்கொண்டு வந்தது. போன வாரம் ஜகார்த்தாவிலிருந்து தியுர்மா என்ற அம்மாள் பார்க்க வந்தார். மருத்துவமனைகளுக்குச் செயலி செய்யும் கம்பெனியின் தலைவி, எதையும் நேராகப் பேசும் பாத்தாக் இனத்தவர், நாலு வீடு தள்ளிக் கேட்கிற குரல். இந்த அம்மாள் வேண்டாம் என்றால் கருவியை மூடிவிட்டு ஆளுக்கொரு வேலை தேட வேண்டியதுதான் என்று பிள்ளைகள் இரண்டும் முந்தின நாளெல்லாம் சாப்பிடவில்லை. காலை ஒன்பது மணிக்கு அவர் வருகிறார், எட்டரைக்கு மெஷின் நின்றுவிட்டது. தாமார் வொனோகிரிப் பையன், இல்லை என்ற சொல் அவன் வாயில் வராது. மெஷின் ஓடுதா தம்பி என்று கேட்டால், "இன்னும் முழுசா எழுந்திருக்கல ஐயா" என்கிறான். பத்து நிமிஷம் கழித்துக் கேட்டால், "யோசிச்சுக்கிட்டு இருக்கு ஐயா" என்கிறான். அவன் சட்டை முழுக்க வியர்வை. இது செத்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது, நான் போய் லிந்தாங்கிடம் சொன்னேன், அவள் உள்ளே ஓடினாள்.

அதுவரை தியுர்மா அம்மாளை நான் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. டீயும் செராபி ஆப்பமும் வைத்தேன். சாப்பிடுங்கள் என்று நான் சொல்வதற்குள் டீயைக் குடித்துவிட்டார் அக்கா. நான் சொல்ல வைத்திருந்த உபசார வார்த்தையெல்லாம் வீணாகிவிட்டது. "நல்லா இருக்கே, இன்னொண்ணு கொடுங்க" என்றார். எண்டாங் உள்ளேயிருந்து, எனக்குக் கேட்கிற மாதிரி, "இந்தம்மாவை எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள்.

மெஷின் எழுந்தது. தியுர்மா அம்மாள் உட்கார்ந்து, நாளைக்கு டாக்டரைப் பார்க்க வரவில்லை, வேண்டாம் என்று தட்டினார். மெஷின், முதல் மறுப்பு, மரியாதைக்காக இருக்கலாம், மறுபடி கேட்டுப் பார்க்கவும் என்றது. அவர் மறுபடி வேண்டாம் என்று தட்டினார். இரண்டாம் மறுப்பு, இன்னும் ஒரு தடவை கேட்கவும். மூன்றாவது தடவை பொத்தான் உடைகிற மாதிரி தட்டினார். மறுக்கிறார், நன்றி சொல்லி விடைகொடுக்கவும் என்றது. அது என்னுடைய நான்காம் விதி அக்கா. மகளின் ஒன்றரை வருஷ உழைப்பை என் வாயால் கெடுத்துவிட்டேன். லிந்தாங் முகம் வெளுத்துப்போய், அதை மாற்றிவிடலாம் என்று ஏதோ சொல்லத் தொடங்கினாள்.

தியுர்மா அம்மாள் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். "இருங்க. இது எங்க மாமியார்" என்றார். அவர் கணவர் நம் பக்கத்துக் கிளாத்தேன்காரராம், மாமியார் பதினெட்டு வருஷமாகக் கூடவே இருக்கிறாராம். தியுர்மா அம்மாள் யோசித்து, மாமியார் சொல்வது போலவே, பரவாயில்லம்மா, எங்க வீட்டுல கொஞ்சம் வேற மாதிரி சமைப்போம், இதுவும் ஒரு ருசிதான் என்று தட்டினார். புகார், உப்புக் குறைவு அல்லது காரம் அதிகம், எண்பத்தெட்டு சதவீதம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன், எனக்கென்ன வயசாச்சு என்று தட்டினார். கோரிக்கை, கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறார், தொண்ணூற்று மூன்று சதவீதம். "அந்த பாலி பயணம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்புறம் அவர் எங்களை மறந்துவிட்டார். பதினெட்டு வருஷத்து வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே இருந்தார், நடுவில் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினார், நான் ஜன்னலைப் பார்த்தேன். பதினொன்றரைக்கு எழுந்து, "நான் முதல்ல வீட்டுக்குப் போன் பண்ணணும். அப்புறம் உங்க கருவியை எடுத்துக்கறேன்" என்றார்.

பிழைத்தோம் என்று நினைத்தேன். போன் பேசிவிட்டு வந்தவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, பிள்ளைகள் இரண்டும் ஜகார்த்தா போய் அவர் கம்பெனியிலேயே சேர்ந்து கருவியை வளர்ப்பது. இன்னொன்று, இங்கேயே இருந்துகொண்டு அவருக்கும் மற்றவர்களுக்கும் செய்து கொடுப்பது, அதில் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார். அன்று சாப்பிடும்போது லிந்தாங், "அப்பா, நீங்க என்ன சொல்றீங்க" என்று கேட்டாள். நான், "உன் வசதிப்படி செய்மா. எங்களுக்கு என்ன" என்றேன். வேறு என்ன சொல்வது? பெண்ணின் முன்னேற்றத்துக்கு அப்பன் குறுக்கே நிற்கலாமா? முன்னறை இடைஞ்சல்தானே அப்பா என்றாள். இடைஞ்சலே இல்லை என்றேன். அந்த வாரத்தில் அதை மூன்றாவது தடவை சொன்னேனோ என்னவோ, அவள் தாமாரைப் பார்த்தாள், தாமார் தட்டைப் பார்த்தான், அவள் மெதுவாகத் தலையாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பதினேழாம் விதி எனக்குப் பிறகுதான் உறைத்தது. முன்னறையைக் காலி செய்யச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள். ஆனால் நான் உண்மையாகவே இடைஞ்சல் இல்லை என்றுதான் சொன்னேன் அக்கா. என் ஆயுளில் அந்த வார்த்தையை அதன் அர்த்தத்திலேயே சொன்னது அந்த வாரம்தான்.

"போய்ச் சொல்லித் தொலைங்களேன்" என்கிறாள் எண்டாங். நீயே சொல்லேன், உனக்குத்தான் நேராகப் பேச வருமே என்றேன். "நான் சொன்னா அது என் ஆசை. அவ கேட்டது உங்களை" என்று சொல்லிவிட்டுத் துவைக்கப் போய்விட்டாள். நேற்று லிந்தாங் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினாள். நானே ஏணியைப் பிடித்துக்கொண்டேன். தூசி தட்டிக் கொடுத்தேன். பூட்டுக்கு எண்ணெய் போட்டேன்.

ஆகவே எல்லாம் நல்லபடியாகவே நடக்கிறது. அவள் ஜகார்த்தா போவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. முன்னறையில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு நான் பத்திரிகை படிக்கலாம், ஆறு மணிக்கே கதவைச் சாத்திவிடலாம், இரண்டு பேருக்குச் சமையலும் சுலபம். நீங்களும் இந்தச் சமயத்தில் வந்து கஷ்டப்பட வேண்டாம். வீட்டில் இடத்துக்குக் குறைவில்லை, அந்தக் கவலைக்காகச் சொல்லவில்லை. கல்லறையில் உங்கள் பங்குக்கும் சேர்த்து ரோஜா இதழ் போடுகிறேன், போன வருஷமும் தனியாகத்தானே போட்டேன்.

எழுத்தில் பிழையோ பேச்சில் அத்துமீறலோ இருந்தால் இளையவன் என்று பொறுத்தருள வேண்டும். அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் முழங்காலில், வலிக்காத முழங்காலில், நெற்றி பதித்து ஆசி வேண்டும்,

தம்பி சுகிமான்.

பின்குறிப்பு: அக்கா, மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம். கடிதத்தை முடித்துவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். முன்னறையில் தாமாரின் திரையில் ஏதோ வந்திருக்கிறது. அவன் பார்த்துவிட்டு, "லிந்தாங், உங்க அப்பா தட்டச்சு நல்லா முன்னேறியிருக்கு, ஒரு தடவை பாரேன்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டான். அவள் பார்த்தாள். முழுக்கப் படித்தாள். பிறகு கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். இவ்வளவு நீளக் கடிதத்துக்குக் கீழே மெஷின் இரண்டே வரிதான் எழுதியிருந்தது. மகளைப் போக வேண்டாம் என்கிறார், தொண்ணூற்றேழு சதவீதம். அக்காளை வரச் சொல்கிறார், தொண்ணூற்றொன்பது சதவீதம்.

"அப்பா, நீங்கதான் குறிக்கிறவரு. சரியா, தவறா, பாத்துக் குறிங்க" என்றாள். நான் கண்ணாடியைத் தேடுகிற மாதிரி தேடினேன், அது மூக்கில்தான் இருந்தது. இரண்டு பொத்தான்களையும் பார்த்தேன். தவறு என்று அழுத்தினால் பெட்டி ஜகார்த்தா போய்விடும். ஆனால் பொய்யான தாளில் என் முத்திரை விழாதே அக்கா. சரி என்று அழுத்தினேன். அடுத்ததுக்கும் சரி என்று அழுத்தினேன். கை நடுக்கத்தில் இரண்டு மூன்று தடவை விழுந்துவிட்டது. அவள் அழுதுகொண்டே சிரித்து, "ஒரு தடவை போதும்ப்பா" என்றாள். எண்டாங் ஈரக் கையோடு வந்து பார்த்துவிட்டு, அந்தப் பெட்டியை மறுபடி பரணில் ஏற்ற ஏணியைத் தானே கொண்டுவந்து போட்டாள்.

தியுர்மா அம்மாளுக்கு லிந்தாங் இப்போதுதான் எழுதினாள், இங்கேயே இருக்கிறோம் என்று. நல்லது, அந்த மெஷின் உங்கள் அப்பாவை விட்டுத் தூரப் போகக் கூடாது என்று உடனே பதில் வந்துவிட்டது.

நீங்கள் கப்பலேறி வாருங்கள் அக்கா. ஒரு தடவைதான் சொல்வேன்.